கொழும்பிலிருந்து ரயிலில் வந்தவன்

நாவல் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் படிப்பது கடைசிப் பக்கத்தை. இதைச் சொன்னால் நன்றாகப் படித்தவர்கள்கூட முகம் சுளிக்கிறார்கள். "அப்புறம் கதையில் என்ன சுவாரசியம்?" என்று கேட்கிறார்கள். சுவாரசியத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். யார் செத்தார்கள், யார் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு புத்தகத்தை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனசு வராது. பதின்மூன்று வயதில் ஒரு கோடை விடுமுறையில் பிடித்த பழக்கம் இது. இனி மாற்றிக்கொள்கிற உத்தேசமும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நானும் அம்மாவும் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஓட்டு வீட்டின் பின்கட்டு. ஓர் அறை, ஓர் அடுக்களை, நாலு குடித்தனத்துக்குப் பொதுவாக ஒரு கிணறு. அம்மா ஜாக்கெட் தைப்பாள். அப்பா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். முதலாளியோடு ஏதோ மனத்தாங்கலாகிப் பம்பாய்க்குப் போனார். முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் போட்ட கடிதங்களும் திரும்பி வரவில்லை. திரும்பி வந்திருந்தால் விலாசம் மாறிவிட்டது என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த ஆறுதலையும் அவர் எங்களுக்குத் தரவில்லை.

பள்ளிக்கூடம் அடைத்ததும் எங்கள் சந்து காலியாகிவிடும். தமிழ்க் குடும்பங்கள் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறும். என்னோடு படித்த மலையாளத்துப் பிள்ளைகள் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கும் திருநெல்வேலிப் பக்கம் மாமா வீடு இருந்தது. போனால் படியேறும் முன்னால் கேட்பார்கள்: "மாப்பிள்ளை வரலியா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அம்மா இரண்டு கோடையாக ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தையல் வேலை நிறையக் கிடக்கிறது என்று கார்டு எழுதிப் போட்டுவிடுவாள். உண்மையில் சந்தே ஊருக்குப் போன பிறகு யார் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள்? கிணற்று ராட்டினம்கூட நாளுக்கு நாலு தரம்தான் சத்தம் போடும். பேச ஆளில்லாமல் நான் சுவரோடு பேசிப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் மாதம் வருகிறது என்றாலே அப்போதெல்லாம் எனக்குப் பயம்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைத்தது வாயனசாலை. வாசகசாலையை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தெருவுக்கு ஒன்று இருக்கும். எங்களுடையது ஒரு ரேஷன் கடையின் மாடியில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் அவர் 'மாஷ்'. மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு புத்தகம், கோடை விடுமுறையில் மட்டும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு. அந்த இரண்டாவது புத்தகம் எனக்குப் பெரிய சொத்து. ஒன்றை முடிக்கும்போது இன்னொன்று வீட்டில் காத்திருக்கிறது என்கிற நினைப்பே போதும், நான் கொஞ்சம் பணக்காரியாகிவிடுவேன்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு அங்கே ஓர் அலமாரியின் அடித்தட்டு மட்டும்தான் ஒதுக்கியிருந்தார்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். சந்தையில் மலையாளம் பேசி விலை குறைப்பாள், சண்டையும் போடுவாள்; எழுத்து தெரியாது. அந்த அடித்தட்டை அவள் இரண்டு கோடையில் தின்று தீர்த்துவிட்டாள். நாவல்கள் முடிந்து, கட்டுரைகள் முடிந்து, சித்த வைத்தியத்தையும் கோழி வளர்ப்பையும்கூட விடவில்லை. கோழி வளர்ப்பை முடித்த அன்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீதான் மலையாளம் தண்ணி மாதிரி வாசிக்கியே. அதைப் பாத்து எனக்குத் தமிழ்ல சொல்லு. நான் தச்சுக்கிட்டே கேக்கேன்."

"அது எப்படிம்மா? பொஸ்தகத்துல உள்ளது ஒண்ணு, நான் சொல்லுதது ஒண்ணால்லா இருக்கும்?"

"சாரமில்ல. கதை தெரிஞ்சா மதி."

சாரமில்ல, மதி. பரவாயில்லை, போதும் என்று அர்த்தம். பதினைந்து வருஷம் அந்த ஊரில் இருந்ததில் அம்மாவின் திருநெல்வேலித் தமிழில் இப்படிச் சில சொற்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

இப்படித்தான் தொடங்கியது. கண் ஒரு மொழியில் முன்னால் ஓடும். வாய் இன்னொரு மொழியில் பின்னால் வரும். முதல் இரண்டு நாள் தடுமாறினேன். அப்புறம் கை வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிமெண்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன்மேல் குப்புறப் படுத்துக்கொள்வேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மாங்காய்க் கீற்று, உப்பும் மிளகாய்ப்பொடியும் பிசறியது. அம்மா ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். கதை சாதாரணமாகப் போனால் மிஷின் ஒரே சீராக ஓடும். யாருக்காவது ஆபத்து வந்தால் வேகம் குறையும். ஆபத்து முற்றினால் மிஷின் நின்றுவிடும். எந்த எழுத்தாளருக்கும் கிடைக்காத பாக்கியம் எனக்கு வாய்த்தது. கதை எடுபடுகிறதா இல்லையா என்று காதாலேயே தெரிந்துகொண்டேன்.

எங்களுடையது சைவ வீடு. மலையாள நாவலில் பக்கத்துக்குப் பக்கம் மீன் கொதிக்கும். நான் அதையெல்லாம் கத்தரிக்காய்க் குழம்பாக்கிவிடுவேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்:

"என்னட்டி, இந்த ஊர்ல எல்லாரும் கத்தரிக்காயே திங்காவ? வேற காயே வெளையாதா?"

நான் முழித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நாளிலிருந்து முருங்கைக்காயையும் சேர்த்துக்கொண்டேன்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் எனக்கென்று சில சட்டங்கள் இருந்தன. கனமாக இருக்க வேண்டும். ஒல்லிப் புத்தகம் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துவிட்டால் மறுநாளுக்கு என்ன செய்வது? பேச்சு நிறைய இருக்க வேண்டும். வர்ணனையை மொழிபெயர்ப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். முன்னால் படித்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் இன்னும் நல்லது. 'இவள் ஒரு முட்டாள்', 'இந்த அத்தியாயம் வேண்டாம், நேராக அடுத்ததற்குப் போகவும்' என்றெல்லாம் முகம் தெரியாத ஆட்கள் எழுதிவைத்திருப்பார்கள். பேச்சுத்துணை இல்லாத வீட்டில் அந்தக் கிறுக்கல்களும் ஆள் வந்ததாகவே கணக்கு. அதையும் அம்மாவுக்குச் சொல்வேன். "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று அவளும் சேர்ந்துகொள்வாள்.

ஆனால் கதை எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்கிற சட்டம் அப்போது இல்லை. அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

சித்திரை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. நல்ல கனமான நாவல் ஒன்று கொண்டுவந்தேன். ஆற்றங்கரையில் ஓர் ஊர். தோணி ஓட்டுகிறவனின் மகள். அவள் புருஷன் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போகிறான். கடிதம் வருகிறது, பிறகு குறைகிறது, பிறகு நிற்கிறது. மூன்றாம் நாள் அந்த இடத்துக்கு வந்தேன். நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தினால் அம்மா ஏன் என்று கேட்பாள். மிஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அம்மா நூலைப் பல்லில் கடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் வருவானாட்டி?" என்றாள்.

"இன்னும் வாசிக்கலியேம்மா."

"நாளைக்கு வாசி. நாளைக்கு வந்துருவான்."

மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கும்போது புத்தகத்தைக் கொண்டுபோய் மிச்சத்தைப் படித்துவிட்டேன். அவன் வரவில்லை. கொழும்பில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். கடைசியில் அதைச் சொல்லி ஒரு கடிதம் வருகிறது. அவ்வளவுதான் கதை. அந்த எழுத்தாளர்மேல் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இத்தனை பக்கம் எழுதின மனுஷனுக்கு அவனை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பக் கை வரவில்லையா என்று இருந்தது. என் முறை வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர் டின்னால் முதுகில் இடித்தார்.

மத்தியானம் நான் என்ன செய்யப் போகிறேன் என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் இந்தக் கதையை இப்படியே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவள் தாங்கமாட்டாள். எனக்கு அப்போது அது ஒன்றுதான் பயம்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்த்து வாசிப்பதைப் போலவே சொன்னேன். கொழும்பில் அவன் காய்ச்சலில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். கடிதம் எழுதக் கை எழும்பவில்லை. தேறினதும் முதல் வேலையாக ஊருக்குக் கிளம்பினான். எனக்குக் கப்பல் தெரியாது, துறைமுகம் தெரியாது. தெரிந்ததெல்லாம் தம்பானூர் ரயில் நிலையம். ஆகையால் கொழும்பிலிருந்து வந்தவனை நான் ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன். ஒரு மத்தியான வண்டி. கையில் தகரப் பெட்டி. இறங்கியதும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தின் பின்பக்கத்தை ஒற்றிக்கொண்டான். அப்பா அப்படித்தான் செய்வார். வீட்டை விட்டு வெளியூர் போன ஆண்பிள்ளை என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வந்து இறங்கியவனும் அவராகவே ஆகிப்போனான்.

அம்மா ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். "எப்போ வந்தானாம்?" என்று கேட்டாள்.

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "இப்போதான். வெயில் காலத்துல. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்னாலயே வந்துட்டான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்படியா" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். ஒரு தேங்காய் உடைத்தாள். திரும்பும்போது பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்; எனக்கும் வைத்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் பூ வைத்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேனே என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கம் பார்க்கிற பழக்கம் வந்தது. வாயனசாலையில் அலமாரிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பின்பக்கத்தைப் பிரிப்பேன். எல்லாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று பார்ப்பேன். கிணற்றில் விழுந்தாளா, வேண்டாம். ரயிலேறிப் போனானா, வேண்டவே வேண்டாம். கல்யாணத்தில் முடிகிறதா, கொண்டுபோகலாம். அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு மனிதர்கள் நன்றாக இருந்தால் பொறுக்காது போலிருக்கிறது. இருபது புத்தகம் பார்த்தால் ஒன்று தேறும். மாஷ் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எந்தா மோளே, நின்றெ கதை பின்னிலிருந்நாணோ தொடங்குந்நது?" என்று கேட்டார். என் கதை மட்டும் பின்னாலிருந்தா தொடங்குகிறது என்று கிண்டல். நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

அம்மா இப்போது வாரத்தில் மூன்று நாலு நாள் வெளியே போக ஆரம்பித்தாள். தைத்த ஜாக்கெட்டுகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, வழுதக்காட்டில் ஓர் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும் என்று மத்தியானத்துக்கு முன்பே கிளம்புவாள். முகத்தில் பவுடர் இருக்கும். பச்சைச் சுங்கடிச் சேலையை அடிக்கடி எடுத்துக் கட்டினாள். திரும்பி வர இரண்டு மணியாகும். அந்த நேரம் முழுக்க வீட்டில் நான் தனி. பசி எடுத்தாலும் அவள் வரட்டும் என்று காத்திருப்பேன். வேலை பெருகுகிறது, நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் அம்மா கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் அந்த வழுதக்காட்டு அக்காவே வந்து நின்றாள்.

"அம்ம இல்லியோ? ஜாக்கெட்டு கொடுத்து மூணு ஆழ்ச ஆச்சு. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

ஆழ்ச என்றால் வாரம். மூன்று வாரமாக அவள் ஜாக்கெட் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. "அம்மா உங்க வீட்டுக்குத்தானே வந்திருக்கா?" என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கடைக்குப் போயிருக்கிறாள், நாளைக்குக் கொண்டுவந்து தருவாள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா கிளம்பியதும் பின்னாலேயே போனேன். அவள் வழுதக்காட்டுப் பக்கம் திரும்பவில்லை. கிழக்கேகோட்டை தாண்டி, வெயிலில் குடைகூட இல்லாமல், தம்பானூருக்கு நடந்தாள். ஸ்டேஷனுக்குள் போய் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாள். என்னிடம் காசில்லை. கேட்டுக்கு வெளியே கம்பிவேலியோரம் நின்று பார்த்தேன். அம்மா ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, ஜாக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

பம்பாயிலிருந்து வருகிறவர்கள் வழியில் மாறி ஏறி வரும் வண்டி அது. சரியான மத்தியானத்தில் வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. அம்மா எழுந்து நின்றாள். நடக்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, இறங்கி வருகிற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தகரப் பெட்டியோடு ஒருவர் வந்தபோது ஓரடி முன்னால் வைத்தாள். அவர் கடந்து போனார். போர்ட்டர்களும் போய், பெருக்குகிறவள் துடைப்பத்தோடு வரும்வரை அம்மா நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். நான் ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவள் என்னைக் கடந்து போகும்போது அவள் வைத்திருந்த பூ வாடிப் போயிருந்ததைப் பார்த்தேன். கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? நான்தான் அவளை அங்கே அனுப்பியிருந்தேன்.

வாழ்க்கையில் பிறகு எத்தனையோ தப்புகள் செய்திருக்கிறேன். எதற்கும் அந்த அளவு வெட்கப்பட்டதில்லை. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கை சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வாயனசாலை மாடியேறிப் போனேன். இப்போது எனக்கு வேறு மாதிரி புத்தகம் வேண்டியிருந்தது. வராமல் போனவனைப் பற்றிய கதை ஒன்றை எடுத்து, உள்ளதை உள்ளபடி வாசித்து, அம்மாவை அந்தப் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கூட்டிவர வேண்டும். இத்தனை நாள் ஒதுக்கித் தள்ளிய புத்தகங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் பின்பக்கத்தைப் பிரித்தேன். ஒருத்தி தூக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது. ஒருத்தி கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இதில் எது கொஞ்சம் லேசானது, எதை அம்மாவிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. விளக்குப் போடுகிற நேரம் ஆகிவிட்டது. கடைசியில் அந்தக் கொழும்புக் கதையையே எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன்.

"இது நீ கொண்டுபோயதல்லே?" என்றார் மாஷ்.

"ஆமா. முழுசா வாசிக்கல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் அம்மா வெளியே போகவில்லை. பள்ளி திறக்கப் போகிறது என்று சந்து நிரம்பத் தொடங்கியிருந்ததால் உண்மையாகவே தையல் வந்திருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் படுத்துக்கொள்ளவில்லை. அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்தேன்.

"அம்மா, இந்தக் கதையை நான் தப்பா சொல்லிட்டேன்."

"எதை?"

"கொழும்புக் கதையை. அவன் வரல. காய்ச்சலும் இல்ல, ரயிலும் இல்ல. நானாச் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் அம்மா. மிஷின் நிற்கவில்லை.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"அன்னைக்கு மத்தியானம் பூரா வாசிச்ச. ஒரு பக்கமாவது திருப்புனியாட்டி? எனக்கு இந்த எழுத்துதான் தெரியாது. கண்ணு தெரியும்லா."

"பொறவு எதுக்கும்மா ஸ்டேஷனுக்குப் போன?"

கேட்ட பிறகுதான் நான் அவளைப் பார்த்த விஷயம் வெளியே வந்துவிட்டது என்று உறைத்தது. அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். சக்கரம் தானாகவே இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தணிந்த குரலில், தானே யோசித்துப் பார்க்கிறதுபோலப் பேசினாள்.

"கொழும்புல இருந்து வாறவன் எதுக்குட்டி ரயில்ல வந்து எறங்கணும்? அது பம்பாய்ல இருந்து வாற ஆளுல்லா. கழுத்தத் தொடச்சுக்கிட்டு எறங்குதான்ன. பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்னால வருவான்னு கெடு வேற சொன்ன. பக்கத்தத் திருப்பாம சொல்லுத. நான் என்ன நெனக்க? உங்கப்பா உனக்கு லெட்டர் போட்டிருக்காவன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்து விலாசத்துக்குப் போட்டிருப்பாவ. அம்மைகிட்டச் சொல்லாத, நான் நேர்ல வாறேன்னு எழுதியிருப்பாவ. உனக்கு மனசுக்குள்ள வச்சுக்கிட முடியல, கதையில வச்சுச் சொல்லிட்டன்னு நெனச்சேன்."

நான் அவளைத் தேற்றுவதற்குச் சொன்னதை அவள் தகவலாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் முழுக்க எனக்கு வந்ததாக நினைத்த கடிதத்தை நம்பி அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் வெளிப்படையாகக் கேட்கவும் இல்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீற வேண்டாம் என்று விட்டிருக்கிறாள்.

"லெட்டர் ஒண்ணும் வரலியாட்டி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"ஒரு கார்டுகூட?"

"இல்ல."

அம்மா ஊசிக்கு அடியில் நின்ற துணியைக் கையால் நீவிவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா வியர்வையா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஊரிலிருந்து வந்தவர்கள் பெட்டிகளை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி. அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு உள்ளபடி வாசி" என்றாள்.

வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அந்தப் பெண் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது, தபால்காரர் தோணியில் வருவது, அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்குவது, படிக்கத் தெரியாததால் தபால்காரரையே வாசிக்கச் சொல்வது. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடிதம் தொடங்கியது. 'இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம்' என்று ஒரு வரி வரும். அது எனக்கு முன்பே தெரிந்த வரிதான். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று படித்தபோது கோபம் மட்டும்தான் வந்தது.

இப்போது 'இனி' என்று சொன்னேன். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அங்கேயே நின்றது. அம்மாவுக்காகத்தான் அந்த ஆளை ரயிலில் ஏற்றி அழைத்துவந்தேன் என்று அந்த நிமிஷம்வரை நம்பியிருந்தேன். புத்தகத்தின் மேல் கண்ணீர் விழுந்தால் மாஷ் திட்டுவாரே என்று கையால் மறைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன்.

அம்மா மிஷினை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளோடு என்னைச் சேர்த்துக்கொண்டாள். புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தில் எந்த வரி அது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

"அந்த வரிய விட்ரு மக்கா" என்றாள். "அடுத்த வரிய வாசி."